முக்காட்டுக்குள் இருந்தவள்

அன்பு மகளே,

உன் தாய் மறைந்தபின் வந்த முதல் நீத்தார் திருநாள் நடனத்தை நேற்று மாலை நம் புத்தர் கோயில் வாசலில் நின்று கண்டேன். கரிய முக்காட்டால் முகம் மறைத்து ஆடுவோர் இறந்தோரின் உருவம் என்பதால், எவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை அல்லவா?

ஒருத்தி மட்டும் இடக்கையைத் தவறாகத் திருப்பினாள். அருகில் நின்ற தோஃபு கடைக்காரர் சுகேகாவா சிரித்தார்: “சாமி, பாத்தீங்களா? உங்க வீட்டம்மா அதே தப்போட திரும்பி வந்துட்டாங்க!”

அந்தத் தவற்றை உன் தாயிடம் கற்றவள் நீ ஒருத்தியே. அன்று உன்னை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்ன என் நாவில் உன் பெயர் எழுந்தது. வழக்கத்தைச் சாக்கிட்டு விழுங்கினேன். ஆட்டம் முடிந்தபோது நீ இல்லை.

நிலையாமையை நாள்தோறும் ஓதும் நான், உயிரோடிருக்கும் உன்னை இறந்தவளாகவே போகவிட்டேன். முக்காடின்றி வீட்டுக்கு வா, அம்மா. பெயர் சொல்லி அழைக்கிறேன்.

வாய் திறவாது நின்ற
உன் தந்தை