தச்சர் போட்ட வில்லங்கம்

மார்ச் 3
வீடு பார்க்க வந்தவர்களுக்குப் பிடித்துவிட்டது. விற்றால்தான் என் தையல் கடைக்கு இடம். முன்பணம் கொடுத்தாயிற்று, இந்த மாதத்துக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அதுவும் போச்சு.

மார்ச் 7
வாங்குகிறவர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்திருக்கிறார். வீட்டின் மேல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு பதிவாகியிருக்கிறதாம். யாருடையது? எங்கள் சமையலறை அலமாரி செய்த தச்சர்!

என் கணவர் கூலியைத் தராமல் இழுத்தடித்தார். தச்சர் வழக்குப் போட்டார். சம்மன் வந்தபோது நம்ம துரை சொன்னது: "ஒரு தச்சன் கூப்பிட்டா நான் போய்க் கைகட்டி நிக்கணுமா?" போகவில்லை. தீர்ப்பு தச்சர் பக்கம். அதையும் வெறும் காகிதம் என்றார். தச்சர் அந்தக் காகிதத்தை வீட்டின் மேலேயே பதிய வைத்துவிட்டார். இனி அவர் பணத்தைத் தீர்க்காமல் வீட்டை எவன் வாங்குவான்?

என் நகையும் போட்டு வாங்கிய வீடு. ஆனால் ஆண்பிள்ளை பெயரில் இருந்தால்தான் கௌரவமாம். கௌரவத்தைக் கரைத்துக் குடிக்கட்டும்.

மார்ச் 8
தச்சரைப் பார்த்துப் பேசச் சொன்னேன். அவனிடம் போய்ப் பல்லிளிப்பதா என்றார். தூ.

மார்ச் 11
துரைக்கு ஞானோதயம். வீட்டை என் பெயருக்கு எழுதிவிடுவாராம். "கடன் எனக்கு, வீடு உனக்கு. இப்ப அவன் என்ன பண்ணுவான்?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். இந்த மூளையை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் எனக்குப் புத்தி சொன்னார்?

மார்ச் 12
தனியாகப் போய் வக்கீலம்மாவைக் கேட்டேன். யார் பெயருக்கு மாற்றினாலும் அந்தத் தீர்ப்பு வீட்டோடுதான் வருமாம். "தச்சருக்கு ஒரு நஷ்டமும் இல்லம்மா. வீடு மட்டும் உங்களுக்கு வந்துடும். உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லிடறீங்களா?"

நான் ஏன் சொல்கிறேன் — பெண்டாட்டி பேச்சைக் கேட்கிற ஆளா அவர்?

மார்ச் 14
எழுதிக் கொடுத்துவிட்டார். கையெழுத்தை அலங்காரமாக வேறு போட்டார்.

மார்ச் 27
வீடு கைமாறியது. வாங்கியவர் விலையிலிருந்து முதலில் தச்சருக்குக் கூலியை வட்டியோடு கொடுத்தார். அவரும் தன் பாக்கி தீர்ந்ததாக எழுதிக் கொடுத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மீதிக் காசோலை என் பெயரில். அதை வாங்க இவர் கையை நீட்டினார். நான் கைப்பையை மூடினேன்.

ஏப்ரல் 2
கடை என் பெயரில் பதிவாயிற்று. பின்னால் ஓர் அறை இருக்கிறது. அதில் தங்கிக்கொள்ளலாமா என்று இவர் கேட்டார். வாடகையைச் சொன்னேன். அதிகம் என்றார்.

சீக்கிரம் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறேன். வேறொருவரும் கேட்கிறார்.