அடியிலிருந்து திறந்த தலை

மார்ச் 3, திங்கள்

இல்லை, கடலைப் பார்த்ததே இல்லை. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நான் எந்த ஊர்க்காரி என்று புழு கேட்கப்போவதில்லை.

பெட்டி இன்று வந்தது. ராமநாதபுரம் பக்கம் கரை ஒதுங்கிய டால்பின் ஒன்றின் இரைப்பை, நுரையீரல், ஈரல், சிறுநீரகம். நான்கு பாட்டில்கள். நாமக்கல் பேருந்து நிலையத்தில் நானும் கவினும் போய் வாங்கினோம். கவின் கால்நடைக் கல்லூரியில் என்னோடு முதுகலை படிக்கிறவன். கோழிப் புழுக்கள் அவன் பங்கு. கடல் என் பங்கு.

"கடலே இல்லாத ஊர்ல உக்காந்துட்டு டால்பினுக்குப் புழு பாக்கறீங்க. அடுத்தது லாரிக்குங்களா?"

"இருந்தா எடுத்துட்டு வாங்க, பாக்கறேன்."

இரைப்பையில் நாற்பத்து மூன்று. வெள்ளை நூல்கள். சில, தலையைச் சுவருக்குள் புதைத்தபடி. ஒவ்வொன்றாக, அறுந்துபோகாமல் எடுத்தேன். எனக்கு என் கைகளைப் பிடிக்கும். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

மார்ச் 5, புதன்

என் வழிகாட்டி அமுதவல்லி மேடம் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வயித்துல புழு இல்லாத டால்பின் எங்கம்மா இருக்குது? அதையும் வெச்சுக்கிட்டு நல்லாத்தான் நீந்தும். இது எதுக்குக் கரைக்கு வந்துச்சு? அதைச் சொல்லு."

ஐந்து மாதங்களில் இது மூன்றாவது டால்பின். மூன்றிலும் 'இறப்புக்கான காரணம்' என்ற இடத்தில் ஒரே சொல்: தெரியவில்லை.

இருபத்தெட்டாம் தேதி ஆய்வுக் குழு கூடுகிறது. அதற்குள் ஒரு காரணமாவது காட்டாவிட்டால் தலைப்பை மாற்றிவிடுவார்கள். புதுத் தலைப்பும் தயார்: நாட்டுக்கோழிக் குடற்புழுக்கள். நல்ல தலைப்பு. என்னுடையது இல்லை.

மார்ச் 6

தெரியவில்லை. தெரியவில்லை. தெரியவில்லை. — கையெழுத்து மட்டும் அழகாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு, வெண்ணந்தூர்

வழக்கம்போல் காலை ஐந்தரைக்குக் கடை. அப்பாவின் கறிக்கடை, வாரத்தில் இந்த ஒரு நாள் மட்டும். கறி அப்பாவுக்கு, தலை எனக்கு. பதினாறு வயதிலிருந்து.

கல்லூரியில் யாருக்கும் தெரியாது. முதல் வருடம் விடுதியில் ஒருத்தி கேட்டாள், ஞாயிறு தவறாமல் ஊருக்குப் போகிறாயே, என்ன வேலை? தோட்டம் என்றேன். தோட்டமும் இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் அது அப்படியே நின்றுவிட்டது. ஆறு வருடங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தாலும் எடுப்பதில்லை. வெட்டுகிற சத்தம் கேட்டுவிடும்.

எங்கள் கடையில் தலையை மேலிருந்து பிளக்க மாட்டோம். அப்படிப் போட்டால் மூளை சிதறிவிடும். கீழ்த்தாடையைக் கழற்றிவிட்டு, தலையைக் கவிழ்த்து, அடியிலிருந்து திறப்போம். மூளை முழுசாக வரும். அதற்காகவே ராசிபுரத்திலிருந்து ஆள் வருகிறது.

மூன்றாவது தலை, மேச்சேரிச் செம்மறிக் கிடா. திறந்ததும் மூக்கறையிலிருந்து கொழுத்த புழு ஒன்று கட்டையில் விழுந்தது.

வாங்க வந்தவர் பின்வாங்கினார். "ஏனுங்க அம்மிணி, இதைத் தின்னா நமக்கு வருங்களா?"

"வராதுங்க. அது ஆட்டு மூக்குல மட்டுந்தானுங்க இருக்கும்."

"அப்ப வேற தலை குடுங்க."

அப்பா எட்டிப் பார்த்தார். "அதான் மூணு நாளா ஒரே பக்கமாச் சுத்திக்கிட்டே கெடந்துச்சு. செவுத்துல போயி முட்டுச்சு சாமி."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

சுற்றியது. முட்டியது.

இரைப்பை, நுரையீரல், ஈரல், சிறுநீரகம். மூன்று டால்பின்கள், பன்னிரண்டு பாட்டில்கள். ஒன்றிலாவது தலை வந்ததா? காதால் வழி பார்க்கிற விலங்கு அது. அதன் தலையை ஏன் யாரும் திறக்கவில்லை? நான் ஏன் கேட்கவில்லை?

மார்ச் 10, திங்கள்

நூலகத்தில் தேடினேன். இருக்கிறது. டால்பினின் காதை ஒட்டிய காற்றறைகளில் வாழும் தட்டைப்புழுக்கள். வேறு கடல்களில் கண்டிருக்கிறார்கள்.

மேடத்திடம் சொன்னேன். எழுந்தே விட்டார். "எப்படிம்மா தோணுச்சு?"

"படிச்சேன் மேடம்."

படித்தது இன்று. தோன்றியது நேற்று. ஏன் அப்படிச் சொன்னேன்?

பழைய தலைகள் மணலுக்குள் போய்விட்டன. அடுத்தது ஒதுங்கினால்தான் உண்டு. ஒரு சாவுக்குக் காத்திருக்கிறேன்.

மார்ச் 14

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது டால்பின்களுக்கு நல்லது.

மார்ச் 19, புதன்

பிற்பகல் போன். கடற்கரையிலிருந்து கால்நடை மருத்துவர் ஜீவா, பெட்டிகளை அனுப்புகிறவர். முழங்கால் தண்ணீரில் ஒரு டால்பின் வட்டமடித்துக்கொண்டிருந்ததாம். மீனவர்கள் இரண்டு முறை ஆழத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இரண்டு முறையும் திரும்பி வந்திருக்கிறது. மதியம் செத்துவிட்டது.

"வனத்துறை அனுமதி வாங்கிட்டேன். ஐஸ்ல போட்டிருக்கேன். நாளைக்குப் புதைக்கணும். அதுக்குள்ள வந்துருவீங்களா?"

ஆய்வகத்து ரம்பம் கோழிக்கும் நாய்க்கும் போதும். அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, தலை வெட்டுற கத்தி வேணுங்க."

"எந்தத் தலைக்கு சாமி?"

"டால்பினுங்க."

"அது ஆடா மாடா?"

"மீனாட்டம் இருக்கும். ஆனா குட்டி போட்டுப் பால் குடுக்கும்."

"பால் குடுக்கறதையா வெட்டப் போற?"

"செத்துப்போச்சுங்கப்பா."

சாயங்காலம் ஐந்தரைக்கு நாமக்கல் பேருந்து நிலையத்தில் அப்பா. சாக்குக்குள் கத்தி. கவின் என் பக்கத்தில், பனிப்பெட்டியோடு.

"சாணை புடிச்சிருக்குது. கட்டையில போடற மாதிரி ஓங்கிப் போட்றாத, வாய் மழுங்கிப் போயிரும்."

கவின் கத்தியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். என்னை மட்டும் பார்க்கவில்லை. மதுரை வரை பனிப்பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டு வந்தான். அதற்கு அவன் ஏதாவது கேட்டே இருக்கலாம்.

மார்ச் 20, வியாழன்

கடலைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. இடது காதில் அலைச் சத்தமாக மட்டும் இருந்தது.

ஒன்பது அடி. நான் நினைத்ததைவிடப் பெரியது, நினைத்ததைவிட வழுவழுப்பு. சுற்றிலும் ஊர். மருத்துவர் மண்டை உச்சியில் கோடாரியை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"மேல போடாதீங்க சார்!"

உரக்கக் கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"அடியில இருந்து. தாடையைக் கழட்டிட்டுக் கவுத்துப் போடுங்க. நான் திறக்கறேன்."

மூட்டு எங்கே என்று விரல் தேடியது. ஆட்டில் இருக்கிற இடத்தில் இல்லை, ஆனால் தூரமும் இல்லை. அப்பாவின் கத்தி உள்ளே போயிற்று. தாடை வந்தது. கவிழ்த்தோம். காதெலும்பை ஒட்டிய அறையின் மெல்லிய சுவரைக் கத்தி நுனியால் நீக்கினேன்.

அங்கே இருந்தன.

பழுப்பாக, வெந்தய இலை அளவில், ஒன்றன்மேல் ஒன்றாக. இடது பக்கம் முப்பத்தொன்று. வலது பக்கம் ஒன்பது. கவின் சத்தமாக எண்ணினான். இடது செவி நரம்பு கரைந்து கூழாக இருந்தது.

தண்ணீரில் வட்டமடித்ததைப் பார்த்த மீனவர் ஒருவர் குனிந்தார். "இதுதானா? நாங்க அதைத் தள்ளித் தள்ளி விட்டோமே."

"அதுக்குக் கடல் எந்தப் பக்கம்னே தெரிஞ்சிருக்காதுங்க."

மருத்துவர் கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "எங்க கத்துக்கிட்டீங்க இதை?"

"எங்கப்பா கறிக்கடை வெச்சிருக்காருங்க. ஞாயித்துக்கிழமை தலை வெட்டறது நான்தான்."

சொல்லிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

கவின் மட்டும்: "அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை போனே எடுக்கறதில்லயா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்."

மார்ச் 26, புதன்

நுண்ணோக்கியில் நரம்பின் சீவல். திசுவுக்குள்ளேயே புழுவின் முட்டைகள். மேடம் பார்த்தார், மறுபடி பார்த்தார், நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். "நீயே எழுது."

'இறப்புக்கான காரணம்' என்ற இடத்தில் நான்கு வரி எழுதினேன். இந்த ஒன்றுக்குத்தான். மற்ற மூன்றும் 'தெரியவில்லை' என்றே இருக்கும். அவற்றின் தலைகளை நாங்கள் பார்க்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

தலைப்பு என்னுடையதே.

குழுவில் ஒருவர் கேட்டார்: தலையைத் திறந்த இந்த முறைக்கு எந்தக் கட்டுரை ஆதாரம்? கட்டுரை இல்லை என்றேன். அப்படியானால் முறையை விவரித்து எழுதச் சொன்னார். சாயங்காலம் எழுதினேன். தமிழில் சொன்னால்:

கீழ்த்தாடை நீக்கப்பட்டு, மண்டை அடிப்புறமிருந்து திறக்கப்பட்டது. இது வெண்ணந்தூர் கறிக்கடை ஒன்றில் செம்மறித் தலையைத் திறக்கும் முறை. ஆய்வாளர் இதைப் பதினாறு வயதிலிருந்து செய்துவருகிறார்.

கடைசி வாக்கியத்தை மேடம் சிரித்துக்கொண்டே அடித்தார். மற்றவை நிற்கின்றன.

மார்ச் 30, ஞாயிறு, வெண்ணந்தூர்

பழைய கத்தி ஆய்வகத்திலேயே இருக்கட்டும் என்று அப்பாவுக்குப் புதியது வாங்கி வந்தேன். பிடி சரியில்லை என்றார். ஏழு தலைகள். நான்காவதை வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது, கவின். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். "தலை வெட்டிட்டு இருக்கேன், சொல்லுங்க" என்றேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த தாடையைக் கழற்றினேன்.