மூன்று முறை கூப்பிடலாம்

திருச்செங்கோடு
9.7.2025

சோட்டுவைக் கூட்டிப்போன அம்மணிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நான் போர்வெல் வண்டியில் டிரில்லர். எட்டு மாதம் சத்தீஸ்கரில் ஓட்டிவிட்டு, மழை பிடித்ததும் ஊர் வந்தேன். வாசலில் என் நாய் சோட்டு இல்லை. கேட்டால், அயோத்தியாப்பட்டணம் பக்கம் இருக்கிற காப்பகத்தில் விட்டாயிற்று என்கிறார்கள். அங்கே போனால், யாரோ ஒரு பெண் பிப்ரவரியிலேயே தத்து எடுத்துப் போய்விட்டாள் என்கிறார்கள். பெயர், முகவரி, போன் நம்பர் எதையும் தரமாட்டார்களாம். கடிதம் கொடுத்தால் சேர்ப்பார்களாம். அதனால் இந்தக் காகிதம்.

செம்பட்டை நிறம். இடது காது நுனி கிழிந்திருக்கும். அது என் நாய். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் காப்பகத்தில் கொண்டுவந்து விடுங்கள். அடுத்தவன் நாயைக் கட்டிவைத்துச் சோறு போடுவது புண்ணியம் என்று நினைக்க வேண்டாம்.

மோகன்குமார்


சேலம்
14.7.2025

திரு. மோகன்குமார் அவர்களுக்கு,

வணக்கம். காப்பகப் பொறுப்பாளர் வசந்தாமணி அக்கா உங்கள் கடிதத்தைக் கொடுத்தார்.

எனக்கு நேரில் பேச வராது. பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடப்பவள் நான். காகிதத்தில் அந்தக் கூச்சம் இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எந்தப் படிவத்தையும் கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். நாயை ஒப்படைத்த படிவத்தில், 'தெருவில் திரிந்தது, வளர்த்தவர் யாரும் இல்லை' என்று எழுதி, பிரபா என்பவர் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் யார் என்று நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து அதற்குப் பிறகு வந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. அவற்றின் காலடியில் அவன் நிம்மதியாகத் தூங்குகிறான். உங்களை மறந்துவிட்டான். இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
நாயை வளர்ப்பவர்


திருச்செங்கோடு
22.7.2025

படித்த அம்மணிக்கு,

பிரபா என் வீட்டுக்காரி. விசாரித்தாயிற்று. "கூப்புட்டாத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லீங்க. பக்கத்து ஊட்டுக் கோழிய வேற புடிச்சுப்போடுச்சு. திமிருல அப்படியே உங்கம்மா" என்கிறாள். அவளோடு என் சண்டை தனி. அதில் நீங்கள் குளிர்காய வேண்டாம்.

பிலாஸ்பூர் பக்கம் ஒரு குவாரி ஓரத்தில், கண் திறக்காத குட்டியாகக் கிடந்தான். அப்புறம் நாலு வருசம் என்னோடு வண்டியில்தான். சக்கரத்தில் மாட்டிவிடக் கூடாது என்று கம்ப்ரசர் பக்கத்தில், என் கண்ணில் படுகிற இடத்தில்தான் கட்டுவேன். போன தடவை முதலாளி நாய் வேண்டாம் என்றதால் வீட்டில் விட்டுப் போனேன். அது ஒன்றுதான் நான் செய்த தப்பு.

மறந்துவிட்டானாம். சோதித்துப் பார்த்துவிடலாம். ஒரு ஞாயிறு அவனைக் காப்பகத்துக்குக் கொண்டுவாருங்கள். நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். மூன்று முறை கூப்பிடுவேன். திரும்பினால் என்னோடு வருவான். திரும்பாவிட்டால் உங்களுக்கே.

உங்கள் கடிதத்தில் அவன் பெயரே இல்லை. என்ன பெயர் வைத்தீர்கள்?

மோகன்குமார்


சேலம்
30.7.2025

திரு. மோகன்குமார் அவர்களுக்கு,

சம்மதம். ஆகஸ்ட் பதினேழு, ஞாயிறு காலை பத்து மணி. நாங்கள் உள்ளே வேப்ப மரத்தடியில் இருப்போம். நீங்கள் கேட்டைத் தாண்டி வரக் கூடாது. மூன்று முறைக்கு மேல் கூப்பிடக் கூடாது. முடிந்த பிறகு வாக்கு மாறக் கூடாது.

பெயர் உங்களுக்கு எதற்கு?

இப்படிக்கு,
நாயை வளர்ப்பவர்


திருச்செங்கோடு
18.8.2025

அம்மணிக்கு,

முதல் தடவை கூப்பிட்டபோது அவன் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை நீங்கள் அவன் முதுகைத் தடவினீர்கள். மூன்றாம் தடவை எதிரே டீக்கடையில் இருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை.

நாலு வருசச் சோறு எட்டு மாதத்தில் செரித்துவிட்டது. சொன்ன சொல் மாற மாட்டேன். வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நீங்கள் ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தவில்லை. செயித்தவர்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மோகன்குமார்


அம்மாபேட்டை, சேலம்
7.9.2025

திரு. மோகன்குமார் அவர்களுக்கு,

சோதனை வைக்கலாம் என்று நீங்கள் எழுதியபோதே அதன் முடிவு எனக்குத் தெரியும். அவனுக்குக் காது கேட்காது.

வந்த இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. தறி ஓடும்போது எங்கள் வீட்டுக்குள் பூனைகூட நிற்காது. அவன் தறிக்கு அடியில் போய்ப் படுத்தான். அப்பா, "இவனும் நம்மாட்டம் தறிக்காரன்தாம்மா" என்று சிரித்தார். தறியை நிறுத்தியதும், அவன் தலைக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். காது அசையவில்லை. வருடக்கணக்காகப் பெரிய சத்தத்தில் இருந்திருக்கிறான் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். கம்ப்ரசரைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகு எந்தச் சத்தம் என்பதும் புரிந்தது. மறைத்துவிட்டேன்.

எலும்பு கொடுத்தது, உங்களுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தது, அவனுடைய மூக்குக்கு உங்கள் வாசனை வராதபடி காற்று பார்த்து இடம் பிடித்தது, எல்லாம் நான் செய்தவை.

அவன் மறக்கவில்லை. நீங்கள் போன பிறகு வெளியே வந்தோம். நீங்கள் நின்ற இடத்தை மோந்து பார்த்தான். அங்கேயே படுத்துவிட்டான். ஆட்டோவில் ஏற்ற நானும் வசந்தாமணி அக்காவும் தூக்க வேண்டியிருந்தது.

இதனால் உங்கள் மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அவன் காதைக் கெடுத்தது உங்கள் வண்டி. நாலு வருடம் பக்கத்தில் வைத்திருந்தும் உங்களுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். நீங்கள் கிளம்பும்போது, நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்லி வசந்தாமணி அக்கா உங்கள் பின்னால் நின்று மூன்று முறை கூப்பிட்டார். நீங்கள் திரும்பவில்லை. என் அப்பாவும் அப்படித்தான். தறி ஓடும்போது அவரை நாங்கள் கூப்பிடுவதே இல்லை, லைட்டை அணைத்துப் போடுவோம். போய்க் காதைக் காட்டுங்கள்.

பெயர் கேட்டிருந்தீர்கள். வைக்கவில்லை. தரையில் காலால் இரண்டு முறை ஓங்கி மிதித்தால் அதிர்வு தெரிந்து வருவான்.

முகவரி பின்பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கூட்டிப்போவதானால் கூட்டிப்போங்கள். தடுத்துப் பேச எனக்கு வராது.

தேவிப்ரியா


திருச்செங்கோடு
12.9.2025

தேவிப்ரியா அம்மணிக்கு,

வாயைத் திறக்காமலே பொய் சொல்ல முடியும் என்று உங்களிடம்தான் பார்த்தேன். மன்னிக்கிற எண்ணம் இல்லை.

ஞாயிறு வரச் சொன்னீர்கள். நேற்று வியாழக்கிழமையே வந்தேன், நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. கேட்டுக்கு வெளியே நின்று இரண்டு தடவை மிதித்தேன். வராந்தாவில் படுத்திருந்தவன் தலையைத் தூக்கினான். அப்புறம் அவன் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டம்மா வெளியே வந்துவிட்டார். உங்கள் அப்பாவுக்குக் கேட்கவில்லை. அந்தம்மாதான் போய் லைட்டை அணைத்துப் போட்டுக் கூட்டிவந்தார். நான் யார் என்று உங்கள் அப்பாவிடம் பத்து நிமிசம் சொன்னேன். அவரும் பத்து நிமிசம் ஏதோ சொன்னார். தெருவுக்கே விளங்கிவிட்டது, எங்கள் இருவருக்கும்தான் விளங்கவில்லை. டீ கொடுத்தார்.

என் காதைப் பற்றி உங்களை யாரும் கேட்கவில்லை. இன்று காலை நாமக்கல்லில் காட்டினேன். வலது பக்கம் பாதிதான் மிச்சமாம். சோட்டுவுக்கு வந்தது திமிர் இல்லை என்று பிரபாவிடம் சொன்னேன். "அப்ப உங்கம்மாவுக்கும் காதுதான் கேக்கறதில்லையோ என்னமோ" என்றாள்.

கம்ப்ரசர் பக்கத்தில் கட்டியது நான். அதனால் அவன் காது போனது நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தக் கோபமும் உங்கள் மேல்தான் வருகிறது.

ஆயுத பூசை முடிந்து வண்டி கிளம்புகிறது. பைப் இறங்கும் சத்தம் கேட்காத நாயை அங்கே வைத்திருக்க முடியாது. அதனால் உங்கள் வீட்டில் இருக்கிறான். உங்களுக்குக் கொடுத்துவிட்டதாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த ஆடியில் வருவேன். கேட்டுக்கு வெளியே நின்று இரண்டு தடவை மிதிப்பேன். எழுந்து வராவிட்டால்தான் அவன் உங்கள் நாய்.

மோகன்குமார்