யாருக்கு அடித்த வரி?

மாமா,

அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டக் கடலூர் போகிறேன். எறா தொக்கு மூடி வைத்திருக்கிறேன். சாவி ஆரோக்கியம்மாள் அக்காவிடம்.

காலையில் கரண்ட் பில் கட்ட உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அடித்ததை அழித்தாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று ஒரு சாஃப்ட்வேர் போட்டீர்களே, அது நான் எழுத்து அடிக்கும் கட்டத்தைத் தொட்டதுமே உங்கள் பழைய வரிகளைக் காட்டிவிட்டது.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்டி பேசனது தப்புதான். மனசுல வச்சிக்காத."

திரும்பத் திரும்ப அடித்து, ஒவ்வொரு தடவையும் அனுப்பாமல் அழித்திருக்கிறீர்கள். பெயர் இல்லை.

நெல்லிக்குப்பம் காதுகுத்தில், "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருடி" என்று என்னைச் சொன்னீர்கள். அதே பந்தியில் உங்கள் தங்கை சுவாதியையும் திட்டினீர்கள். அவளும் அன்றிலிருந்து உங்களோடு பேசுவதில்லை.

அவளுக்கு என்றால் அனுப்பிவிடுங்கள், பாவம். எனக்கு என்றால், பக்கத்திலேயே உட்கார்ந்து எறா உரித்தவளிடம் வாயால் சொல்ல என்ன தடை? அந்த வரியை எனக்கென்று எடுத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அந்த ஆசையையும் நம்ப முடியவில்லை.

தொக்கைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

குணசுந்தரி

பி.கு: ராத்திரி சிதம்பரம் திரும்புவேனா, கடலூரிலேயே தங்குவேனா என்பதை அதே கட்டத்தில் அடித்து அழித்திருக்கிறேன். நீங்கள் அடித்த வரி எனக்கு என்றால் மட்டும் திறந்து பாருங்கள்.