சுடாது என்று நீ விற்ற துவக்கு

இன்று காலை மகள் தோட்டத்தில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அந்த மணம் வந்ததும் உன் கைகள் நினைவுக்கு வந்தன. கிங்ஸ்பரியில் உன் வீட்டுக்கு எப்போது வந்தாலும் மேசையில் பழைய துணி விரித்து, நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பட்டாள ரிவோல்வர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருப்பாய்.

ஊரில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து இந்த நாட்டுக்கு ஓடிவந்தவர்கள் நாம். லூயிஷாமில் ஒரே அறையில் இருந்த நாட்களில், தெருவில் பட்டாசு வெடித்தாலே நீ கட்டிலை விட்டு இறங்கித் தரையில் படுத்துவிடுவாய். அப்படிப்பட்டவன் ஏன் இவற்றைச் சேர்க்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"இதுக்குள்ள போட்டுச் சுடுற ரவையை இண்டைக்கு ஒருத்தரும் செய்யிறேல்லை. அதாலதான் லைசன்ஸும் தேவையில்லை. சுடாத துவக்கு மச்சான். பாத்துக்கொண்டிருக்க நிம்மதியாக் கிடக்கு" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருள் சந்தையில் நீயும் ஒரு மேசை போட்டு விற்கத் தொடங்கினாய். ஒருநாள் மரியாதையாகப் பேசும் வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் ஒரு ரிவோல்வரை வாங்கினான். எட்டு மாதம் கழித்து, செவன் கிங்ஸ் பகுதியில் பஸ்ஸுக்கு நின்ற பத்தொன்பது வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி சுடப்பட்டு இறந்தாள். உன்னிடம் துவக்கு வாங்கிய அந்த இளைஞன் குறிவைத்தது வேறொருவனை. துவக்கில் இருந்த எண்ணைப் பிடித்துப் பொலிஸார் உன் வீட்டுக்கு வந்தார்கள். இந்தக் காலத்து ரவை ஒன்றைத் திருத்தி அதற்குள் போட்டிருக்கிறான் என்றார்கள். நீ விற்றதில் சட்டப் பிழை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் என் காருக்குள் இருந்து அழுதாய்.

"அவன் வாங்கேக்கை என்னட்டைக் கேட்டவன், இப்பத்தைய ரவை ஏதும் இதுக்குப் போகுமோ எண்டு. நான் சொன்னனான். கொஞ்சம் மாத்தினால் ஒண்டு போகும், ஆனால் பழைய இரும்பு, தாங்காது, செய்யாதை எண்டு. எந்த ரவை எண்டும் சொல்லிப்போட்டன்."

"பொலிஸுக்குச் சொன்னனியோ?"

"அவங்கள் கேக்கேல்லை."

நான் பல வருடங்களாக நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளன். அந்த அனுபவத்தில், துளியும் தயங்காமல் சொன்னேன்: "கேளாததை ஏன் சொல்லுறாய்? உனக்குப் பிள்ளையள் இருக்கு. வாயை மூடிக்கொண்டிரு."

மூன்று வாரம் நீ அப்படியே இருந்தாய். பிறகு என்னிடம் சொல்லாமலே பொலிஸுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாய். வீட்டு அலங்காரத்துக்குத்தான் வாங்கினேன், ரவை போட்டது யாரென்று தெரியாது என்பது அவனுடைய வாதம். உன் சாட்சியம் அதை உடைத்தது.

வழக்கன்று நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். சாட்சி சொல்லி நீ வெளியே வந்தபோது, அந்தப் பிள்ளையின் தாய் நடைவழியில் உன்னை மறித்தார்.

"அவன் அப்பிடிக் கேக்கேக்கை உங்களுக்கு ஒண்டும் தோன்றேல்லையோ?"

"தோன்றினதம்மா. எனக்குத் தெரிஞ்சதைக் காட்டுற ஆசையில சொல்லிப்போட்டன்."

அவர் திரும்பிப் போனார். நீ நடைவழியில் கிடந்த மர வாங்கில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தாய். வா, போவோம் என்று நான் கூப்பிட்டது உனக்குக் கேட்கவேயில்லை.

மிச்சத் துவக்குகளை எல்லாம் பொலிஸிடம் ஒப்படைத்தாய். சந்தைக்காரர்கள் உன்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். நம்மவர்களில் சிலர் "உனக்கேன் இந்த வேலை" என்று கேட்டார்கள். நீ கோயிலுக்கு வருவதும் நின்றது. இரண்டு வருடத்துக்குள் இருதயம் நின்றது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் தினமும் வந்தேன். கிரிக்கெட் பேசினோம். நான் உனக்குச் சொன்ன புத்தி பிழை என்று ஒருநாளும் சொல்லவில்லை.

உன் இறுதிச் சடங்குக்கு அந்தத் தாய் வந்திருந்தார். எல்லோரும் போனபின் என்னிடம் வந்தார்.

"நீங்கள் அவரின்ரை சிநேகிதரோ?"

"ஓம்."

"என்ரை பிள்ளை எப்பிடிச் செத்தவள் எண்டதை முழுசாச் சொன்னது அவர் ஒருத்தர்தான். நல்ல ஆக்கள் அவருக்குப் பக்கத்தில இருந்திருக்கினம்போல" என்று சொல்லி என் கையைப் பிடித்தார்.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வாயும் திறக்கவில்லை.