அந்தச் சொல் மட்டும் வேண்டாமாம்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று பயப்படாதே. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீ உடனே டிக்கெட் போட்டுக் கிளம்பிவிடுவாய், இரண்டுமே இப்போது வேண்டாம். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். மூன்று நாளாக அவரே சமைக்கிறார், உப்பை இரண்டு தடவை போட்டுவிடுகிறார், நான் வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறேன் என்றால் வீட்டு நிலைமை உனக்கே புரியும்.

எங்கள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் காலையில் கூட்டம் எப்படி நெரியும் என்று நீ பார்த்திருக்கிறாய். அப்போது நாங்கள் எல்லோருமே செய்கிற ஒரு காரியம் உண்டு, வரிசையில் இருப்பவர்களின் பெயர்ச் சீட்டுகளை முன்கூட்டியே குழாய்களில் ஒட்டி அடுக்கி வைத்துக்கொள்வது. விதிப்படி கூடாது. ரத்தம் எடுத்த பிறகு, பெயரைக் கேட்டு, அவர் கண்ணெதிரே ஒட்ட வேண்டும். பத்தொன்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டேன். போன மாதம் ஒருநாள் வரிசையில் ஒரு பஸ் டிரைவர், அவருக்கு அடுத்து தையல் கடையில் வேலை செய்கிற ஒரு பெண். டிரைவருக்குப் போன் வந்து வெளியே போனார், அந்தப் பெண் முன்னால் வந்து உட்கார்ந்தாள், என் கை பாட்டுக்கு அவர் பெயர் ஒட்டிய குழாயை எடுத்தது. அவர் திரும்பி வந்ததும் அவளுடைய குழாய் அவருக்கு. அவ்வளவுதான் நடந்தது. டிரைவருக்கு முதுகுவலி, வலி மாத்திரையைத் தொடரலாமா என்று பார்க்கத்தான் டாக்டர் சிறுநீரகப் பரிசோதனை எழுதியிருந்தார். அவர் பெயரில் போன அறிக்கை சுத்தமாக இருந்ததால் தொடரச் சொல்லிவிட்டார், அவரும் பதினோரு நாள் விழுங்கியிருக்கிறார். அந்தப் பெண்ணோ தன் பெயரில் வந்த மோசமான அறிக்கையைப் பார்த்துப் பதினோரு நாள் அழுதுவிட்டு மறுபடி சோதிக்க வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் அந்த மோசமான அறிக்கை யாருடையது என்று பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அவளுக்கு முந்தைய வரியில் டிரைவர். பதறிப்போய் அவருக்குப் போன் செய்தால், அறிக்கை தப்பு என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது, மாத்திரையில் சிறுநீரகம் இன்னும் கெட்டு, கால் வீங்கி அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்.

மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "மேடம், பதட்டப்படாதீங்க, ஒரு லெட்டர் அனுப்பிடலாம், ஆனா சாரின்னு மட்டும் எங்கயும் எழுதாதீங்க, சொல்லவும் சொல்லாதீங்க, அது நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், வருந்துகிறோம்னு போட்டா யார் மேலயும் ஒட்டாது" என்றார். தொழில்நுட்பக் குழப்பத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு கடிதத்தை அடித்து நகலும் எடுத்துக் கொடுத்தார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அதே வாசகம்தான் தொங்கும். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை, அதில் நான் அந்த நகலில் கையெழுத்துப் போட்டால் வேலை போகாது.

இந்த ஒரு சொல்லுக்கா இத்தனை பயம் என்று, நீ அலமாரியில் விட்டுப்போன அந்தத் தடித்த ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தேன். சாரி என்பது ஆதியில் மன்னிப்பே இல்லையாம் சுண்டு. புண், வலி என்று பொருள்படும் ஒரு பழைய சொல்லிலிருந்து வந்ததாம், உள்ளே நோகிறவரைக் குறித்ததாம். துக்கத்தைச் சொல்கிற "சாரோ" (sorrow) என்ற சொல் இதற்குக் கூடப்பிறந்தது என்று நினைத்திருந்தேன், அதுவும் இல்லை, பக்கத்து வீட்டில் வளர்ந்து முகஜாடை வந்ததுதானாம். பிறகு பரிதாபமான, கேவலமான எதற்கும் அதே பெயர். தனியாக நின்று மன்னிப்புக் கேட்கத் தொடங்கியது வெகு பிந்தித்தான். இப்போது நாம் பஸ்ஸில் காலை மிதித்தால் சாரி, மன்னித்துவிடு என்று தமிழில் சொல்லக் கூசுகிறபோதெல்லாம் சாரி. போன மாதம் நீ போன் செய்யாததற்கு மூன்று சாரி அனுப்பினாய், மூன்றையும் நான் சரி சரி என்று தள்ளிவிட்டேன். எங்கள் மேலாளருக்கு அது வாக்குமூலம். அகராதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அப்பா எட்டிப் பார்த்து, "பரீட்சைக்கா படிக்கிற?" என்றார். ஆமாம் என்றேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. டிரைவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்க எடுத்தப்ப வலிக்கவே இல்லம்மா, இங்க இருக்கறவங்க குத்திக் கொதறுறாங்க" என்று சிரித்தார். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. மெஷின் மேல் தப்பில்லை, குழாயை மாற்றி எடுத்தது என் கைதான், சாரி என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு, "சாரின்னு சொல்லிட்டு நீங்க வீட்டுக்குப் போயிருவீங்க, நான் எங்க போறது?" என்றாள். நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அவளே, "இப்ப சொன்னத ஒரு பேப்பர்ல எழுதித் தருவீங்களா? நாளைக்குப் பின்ன யாராவது இல்லன்னு சொன்னா எங்களுக்குக் கேக்க நாதி இல்ல" என்றாள். தருகிறேன் என்றேன். சிறுநீரகம் தேறுமா என்று சொல்ல டாக்டர்கள் இன்னும் ஒரு வாரம் கேட்கிறார்கள்.

எழுதிவிட்டேன். அரைப் பக்கம்தான், நான்கு தடவை கிழித்து எழுதியது. வருந்துகிறோம் இல்லை, நான் என்று தொடங்குகிறது. அப்பா படித்துப் பார்த்து, ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை, "காலைல நானும் வரேன், கீழ நிக்கறேன்" என்றார். முதலில் ஆஸ்பத்திரி, அதன் பிறகுதான் விசாரணை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் வேலையில் இருக்கிறேனா இல்லையா என்பது தெரிந்திருக்கும். நீ ஓடி வராதே.

நீ நோய் நொடியில்லாமல், செய்த தப்பைச் சொல்லத் தைரியத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். இனிமேல் எனக்கு சாரி அனுப்பாதே, எங்கே வலிக்கிறது என்று எழுது. அப்புறம், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்றாயே, டாக்டரைக் கேட்காமல் மாத்திரை போடாதே. ரத்தம் கொடுக்கப் போனால் சும்மா இருந்துவிடாதே, குழாயில் உன் பெயரை ஒட்டி முடிக்கும் வரை அங்கேயே நின்று பார்.

இப்படிக்கு,
உன் அம்மா