சிவப்பு வட்டம் போட்ட இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமாக இருக்கிறாய் என்பதை உன் வீடியோவைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது, நல்லதுதான். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். அதனால், படங்களில் தப்பு கண்டுபிடித்தவர்கள் எழுதுங்கள் என்று கடைசியில் ஒரு முகவரி காட்டுகிறாயே, அதற்கே எழுதுகிறேன். குப்பையில் போடுவதாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுப் போடு.

எங்கள் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாய். நாற்பது வருடத்துக்கு முந்தைய கொலை வழக்கு என்று சொல்லிவிட்டு, நேற்று வந்த ஸ்கூட்டரைத் தெருவில் ஓடவிட்டது தப்புதான். செட் போட்டவரை நீ திட்டியது எனக்கும் உள்ளூர சந்தோஷம், அந்த மனுஷன் யார் சொன்னாலும் கேட்கமாட்டார். இன்ஸ்பெக்டர் குடிக்கக் குடிக்க டீ கிளாஸ் நிறைந்துகொண்டே வருகிறதே, அது என் தப்பு. கன்டினியூட்டி பார்த்தது நான்தான். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் பொருள் இடம் மாறாமல், ஆள் கோலம் மாறாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். அந்த ஆள் தூங்கிவிட்டாரா என்று கேட்டிருந்தாய். தூங்கவில்லை.

ஏட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டேஷன் வாசலில் தொப்பையோடு நுழைகிறவர், உள்ளறைக்குள் போவதற்குள் பாதி ஆளாகிவிட்டார் என்று இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாய். பார்த்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். வாசலை முதலில் எடுத்தோம். உள்ளறை செட் தயாராகப் பல மாதம் இழுத்துவிட்டது. அதற்குள் அப்பா அப்படி ஆகிவிட்டார்.

டாக்டருக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஆளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வேன். பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தால், அதே காக்கிக்குள் வேறு யாரோ நிற்கிறார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். சட்டைக்குள் துணியைத் திணித்தேன். முகத்துக்கு எதைத் திணிப்பது? சாப்பாடு இறங்கவில்லையா என்று கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த்தான் ஆஸ்பத்திரியில் காட்டினேன். வயிற்றில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள்.

உனக்குத் தெரியாததா? வாழ்நாள் முழுக்க வாசலில் சல்யூட் அடித்துவிட்டு ஓரமாக நிற்கிற ஏட்டு வேஷம்தான் அவருக்கு. தெருமுனையில் நிற்கிற நிஜப் போலீஸ்காரர்கூட, "ஏட்டய்யா, பிரமோஷன் எப்போ?" என்று வம்புக்கு இழுப்பார். இந்தப் படத்தில்தான் முதல்முறையாக வசனம் வந்தது. கொலைகாரன் யார் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்த ஏட்டு, கடைசியில் உடைந்து பேசுகிற காட்சி. விட்டுக்கொடுப்பாரா? வார்டிலிருந்து எழுந்து நேராக செட்டுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் திரும்பி வருவதாக நர்ஸிடம் சொல்லிவிட்டு வந்ததால், கையில் குத்தியிருந்த ஊசியையும் கழற்றவில்லை. முழுக்கைச் சட்டைதானே, மறைந்துவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவர் அழுதுகொண்டே கையைத் தூக்கியபோது சட்டை நழுவியது. நீ சிவப்பு வட்டம் போட்டாயே, அந்த இடம்தான். பிளாஸ்திரி ஒட்டிய பிளாஸ்டிக் ஊசி அந்தக் காலத்து ஏட்டு கையில் எப்படி வந்தது என்று கேட்டாய். நியாயமான கேள்வி. நான் அப்போதே பார்த்தேன். எல்லாம் சரியா என்று டைரக்டர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். அப்பாவும் என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை எடுத்தால் அவர் அங்கேயே விழுந்துவிடுவார். ஓகே என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் ஓகேதான் சொல்வேன். அந்தத் தப்புக்காக எனக்கு அடுத்த படத்தில் வேலை இல்லை என்றார்கள், போகட்டும்.

சினிமாவில் சேர்த்துவிடச் சொல்லி நீ கெஞ்சியபோது, உனக்கு அதெல்லாம் வராது என்று அப்பா முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். தன்னைப் போல் நீயும் வாசலில் நின்றே கிழவனாகிவிடக்கூடாது என்ற பயம். அதைப் பயம் என்று சொல்லத் தெரியவில்லை. நீயும் அன்று போனவன்தான்.

இப்போது அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலிக்கு மட்டும் மருந்து. தண்ணீரைக்கூட ஸ்பூனில்தான் கொடுக்கிறேன். உன் வீடியோவைப் போடச் சொல்லி சைகை காட்டுகிறார். திரையைப் பார்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். போன வாரம் வரை பேச்சு இருந்தது. "இந்த ஆள் இவ்வளவு இளைச்சுப் போனதை யாருமே பார்க்கலையா?" என்று நீ சிரித்துக்கொண்டே கேட்கிற இடம் வந்ததும், "நீ பார்த்தியேடா" என்றார், போனைப் பார்த்து. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மீறிவிட்டேன். நீ வருவாய் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. வருவதற்குள் இருப்பார் என்ற நம்பிக்கையும் இல்லை. போனாவது செய். அப்பாவின் பழைய நம்பர்தான், தலைமாட்டில் வைத்திருக்கிறேன். பதில் வரவில்லையே என்று வைத்துவிடாதே, காது கேட்கிறது. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் ஏதாவது ஒரு படத்தைத் திட்டு, கேட்டுக்கொண்டிருப்பார். வணக்கம் நண்பர்களே என்று மட்டும் ஆரம்பிக்காதே. அப்பா என்று ஆரம்பி.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் அக்கா